துணிக்கடையை எப்போது திறக்கலாம்? 2021 கொரோனா ஊரடங்கில் வேலூர் வாசகர் கேட்ட கேள்விக்குப் பதில்

கேள்வி: வேலூர் லாங்கு பஜாரில் துணிக்கடை வைத்திருக்கிறேன். கீழ்த்தளம் 20க்கு 45 அடி, மேலே அதே அளவில் ஒரு மாடி. 9 பேர் வேலை செய்கிறார்கள். கொரோனா ஊரடங்கால் மே முதல் வாரத்தில் ஷட்டரை இறக்கினோம். நடுவில் அரசு திறக்கச் சொன்ன ஓரிரு நாட்கள் தவிர இன்னும் ஏற்றவில்லை. டீக்கடை, சலூன், டாஸ்மாக் எல்லாம் ஜூன் 14ஆம் தேதி திறந்துவிட்டார்கள். கேஸ் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது என்கிறார்கள். எங்களை மட்டும் ஏன் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்? ஆடி பிறக்க ஒரு மாதம்தான் இருக்கிறது. காலை 6 முதல் 11 வரை மட்டும், அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் திறந்துகொள்கிறோம் என்று சங்கத்தின் சார்பில் கலெக்டருக்கு மனு எழுதியிருக்கிறோம். இது சரியா? கடைக்குள் என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?
(வாசகர், வேலூர், ஜூன் 2021)

சமூக மருத்துவ மருத்துவரின் பதில் (ஜூன் 2021 நிலவரப்படி):

மனுவை இன்னும் கொடுக்கவில்லை என்றால் இரண்டு நாள் பொறுத்துக் கொடுங்கள். அதில் மாற்ற வேண்டிய வரி ஒன்று இருக்கிறது, சேர்க்க வேண்டிய வரி ஒன்றும் இருக்கிறது. ஒன்றரை மாதம் வருமானம் இல்லாமல் வாடகையும் சம்பளமும் கொடுப்பது என்னவென்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அதனால்தான், திறந்த கடை மறுபடி மூடாமல் இருக்க வேண்டும் என்பதை மனதில் வைத்து இந்தப் பதிலை எழுதுகிறேன்.

முதலில் "கேஸ் குறைந்துவிட்டது" என்பதைப் பார்ப்போம். மே 21ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. இப்போது 12,000 அளவுக்கு வந்திருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு. நல்ல இறக்கம்தான். ஆனால் போன வருஷம் முதல் அலையின் உச்சத்தில், 2020 ஜூலை 27ஆம் தேதி, ஒரு நாள் எண்ணிக்கை 6,993. அந்த உச்சத்துக்கு நாம் எவ்வளவு பயந்தோம் என்பது நினைவிருக்கும். இன்று "குறைந்துவிட்டது" என்று சொல்லும் அளவு அதைவிட அதிகம். மலையிலிருந்து இன்னும் முழுதாக இறங்கவில்லை.

அடுத்து, இன்று டி.வி.யில் வரும் எண் இன்றைய நிலவரம் அல்ல. இன்று ஒருவருக்குத் தொற்று ஒட்டினால் காய்ச்சல் வர 4, 5 நாள் ஆகும். பாராசிட்டமால் போட்டுப் பார்த்துவிட்டுச் சோதனைக்குப் போக இன்னும் 2, 3 நாள். முடிவு வர ஒரு நாள். ஆக, இன்றைய எண் எட்டு ஒன்பது நாளைக்கு முன்னால் நடந்ததைத்தான் காட்டுகிறது. ஆக்சிஜன் தேவைப்படும் நிலை அதற்கும் பிறகு வரும், மரணக் கணக்கு கிட்டத்தட்ட மூன்று வாரம் பின்தங்கி வரும். டீக்கடையில் ஒருவரிடமிருந்து ஒட்டிக்கொண்டவர் வீட்டில் இன்னொருவருக்குக் கொடுத்து, அவரும் கணக்கில் வரும்போதுதான் திறந்ததன் விளைவு சரியாகத் தெரியும். அதற்கு 14 நாள் வேண்டும். 14ஆம் தேதி திறந்ததன் கதை 28ஆம் தேதி வாக்கில்தான் எண்ணில் தெரியும். அதற்குள் அடுத்த கதவையும் திறந்துவிட்டால், பிறகு எண் ஏறும்போது எந்தக் கதவு காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் சேர்த்து மூடுவார்கள். உங்களை நிறுத்தி வைத்திருப்பதற்கு மருத்துவ ரீதியாக நான் ஏற்கும் காரணம் இது ஒன்றுதான். ஊரடங்கை வாரம் ஒருமுறை பரிசீலிக்கட்டும், அதில் தவறில்லை. ஆனால் ஒரு தளர்வுக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு வாரம் விடுவதுதான் பாதுகாப்பு.

எந்த எண்ணைப் பார்ப்பது? தொற்றாளர் எண்ணிக்கையைவிட, சோதனை செய்த நூறு பேரில் எத்தனை பேருக்குத் தொற்று என்ற விகிதத்தைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை சோதனை குறைவாக இருக்கும் என்பதால் ஒரு நாள் கணக்கு உதவாது. 7 நாள் சோதனைகளைக் கூட்டி, 7 நாள் தொற்றாளர்களையும் கூட்டி வகுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்தில் சொன்ன அளவு, 5 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து 14 நாள். இந்த மாதத் தொடக்கத்தில் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொன்னதும் 5 சதவீதத்துக்குக் கீழே ஒரு வாரம்தான். அதோடு முதியவர்களிலும் இணை நோய் உள்ளவர்களிலும் 70 சதவீதம் பேருக்காவது தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். சோதனை எண்ணிக்கை குறையாமல் விகிதம் குறைய வேண்டும் என்பது முக்கியம். சோதனையைக் குறைத்துக்கொண்டு கேஸ் குறைந்தது என்பது, கல்லாவை எண்ணாமல் கணக்குச் சரி என்பது போலத்தான்.

வேலூருக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு, உங்கள் மனுவில் இதைக் கேட்டே ஆக வேண்டும். நம் ஊர் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு ஆபரேஷனுக்கும் பிரசவத்துக்கும் வருகிறவர்கள், வெளிமாநிலத்திலிருந்து வந்து காந்தி ரோடு, பாபு ராவ் தெரு லாட்ஜ்களில் தங்கிச் சிகிச்சை பெறுகிறவர்கள் என்று, காய்ச்சலே இல்லாத பலருக்கும் முன்னெச்சரிக்கையாகச் சோதனை நடக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளில் 2,500 சோதனை, 150 பேருக்குத் தொற்று என்றால் 6 சதவீதம். அந்த 2,500இல் 1,000 இப்படி முன்னெச்சரிக்கைச் சோதனை, அதில் 10 பேருக்குத்தான் தொற்று என்றால், மீதி 1,500 பேரில் 140 பேருக்கு இருக்கிறது. அது 9 சதவீதத்துக்கு மேல். இவை உதாரண எண்கள்தான், ஆனால் வித்தியாசம் எவ்வளவு பெரிதாகலாம் என்று தெரியும். எனவே காய்ச்சல் முகாம்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் எடுத்த சோதனையின் விகிதத்தைத் தனியாகத் தரச் சொல்லுங்கள். ஊருக்குள் தொற்று எப்படி ஓடுகிறது என்பதை அதுதான் காட்டும்.

இன்னொன்று ஆக்சிஜன் படுக்கை. அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கும் நகரத்தின் மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் வேலூர் மாவட்டத்துக்காரர்கள் மட்டும் வருவதில்லை. ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை, காட்பாடி தாண்டி சித்தூர் என்று நாலா பக்கமிருந்தும் வருகிறார்கள். 2019இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள், நோயாளிகள் பிரியவில்லை. நம் மாவட்டத்தில் கேஸ் குறைந்து, பக்கத்து மாவட்டத்தில் ஏறினாலும் இங்கேதான் படுக்கை நிரம்பும். உங்கள் கடைக்கு வருகிற வாடிக்கையாளரும் ஆற்காடு, குடியாத்தம், சித்தூர்க்காரர்கள்தானே.

மத்திய அரசு ஏப்ரல் மாதம் சொன்ன அபாய அளவு, ஒரு வாரமாக 10 சதவீதம் அல்லது அதற்கு மேல் தொற்று விகிதம், அல்லது ஆக்சிஜன், ஐ.சி.யூ. படுக்கைகளில் 60 சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருப்பது. அதைத் தொட்டால் கட்டுப்பாடு போட வேண்டும். என் கருத்தில் அதுவரை காத்திருப்பது தாமதம். ஒருவர் சராசரியாக 1.3 பேருக்குக் கொடுத்தால், 100 பேர் ஐந்து நாளில் 130 ஆவார்கள். பிறகு 169, 220. இருபதாவது நாளில் 286. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆரம்பத்தில் இந்த ஏற்றம் கண்ணுக்கே தெரியாது.

அதனால் மனுவில் சேர்க்க வேண்டிய வரி இது: "தொற்று விகிதம் 5 சதவீதத்துக்குக் கீழே இரண்டு வாரம் நின்றால் எங்களைத் திறக்க விடுங்கள். திறந்த பிறகு விகிதம் 5ஐத் தாண்டி இரண்டு வாரம் ஏறினாலோ, ஆக்சிஜன் படுக்கை 40 சதவீதத்தைத் தாண்டினாலோ நாங்களே கடைக்குள் ஆட்களைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறோம். 10ஐயோ 60ஐயோ தொட்டால் மூடுகிறோம்." 5, 40 என்ற எச்சரிக்கை எண்கள் என் யோசனை, 10, 60 அரசு சொன்னவை. எப்போது மூடுவோம் என்பதையும் சேர்த்து வியாபாரிகளே எழுதிக் கொடுக்கும் மனுவை அதிகாரிகள் தட்டிக்கழிப்பது கஷ்டம். உங்களுக்கும் திடீரென்று ராத்திரி அறிவிப்பு வந்து மூடும் நிலை வராது. இன்றைய இறக்கம் இதே வேகத்தில் போனால் ஜூலை முதல் வாரம் நியாயமான எதிர்பார்ப்பு. ஆடி முதல் தேதி ஜூலை 17, அதற்குள் இரண்டு வாரம் ஓட்டிப் பார்க்க நேரமும் கிடைக்கும்.

இனி மாற்ற வேண்டிய வரி. காலை 6 முதல் 11 வரை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று எழுதாதீர்கள். நல்ல எண்ணத்தில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் விளைவு நேர்மாறாக இருக்கும். உங்கள் கடைக்கு ஒரு நாளைக்கு 200 பேர் வருகிறார்கள், ஆளுக்கு அரை மணி நேரம் நிற்கிறார்கள் என்று வையுங்கள். மொத்தம் 100 மணி நேரம். இப்போது மற்ற கடைகளுக்குக் கொடுத்திருப்பது போல் காலை 6 முதல் மாலை 5 வரை, 11 மணி நேரம் திறந்தால், எந்த நேரத்திலும் சராசரியாக 9 பேர்தான் உள்ளே இருப்பார்கள். 5 மணி நேரம் என்றால் 20 பேர். அதிலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றால் இரண்டு நாள் கூட்டம் சேர்ந்து 40 பேர். வைரஸுக்கு வேண்டியது அந்த நெருக்கம்தான். 2020 ஏப்ரல் 26 முதல் சென்னையில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்தபோது, 25ஆம் தேதி கடைகளில் ஜனம் முண்டியடித்தது. கோயம்பேட்டில் தொற்று பரவி, மே 5ஆம் தேதி சந்தையை மூடுவதற்குள் லாரிக்காரர்களோடும் கூலித் தொழிலாளிகளோடும் அது கடலூர், அரியலூர், விழுப்புரம் வரை போய்விட்டது. நேரத்தைக் குறைக்காதீர்கள். முடிந்தால் இரவு 8 வரை கேளுங்கள். ஜூலை வெயிலில் ஏ.சி. இல்லாமல் கடை நடத்தப் போகிறீர்கள் என்பதால் மாலை நேரம் கட்டாயம் வேண்டும்.

ஏ.சி. ஏன் கூடாது? உங்களிடம் இருப்பது ஸ்பிளிட் ஏ.சி. என்று நினைக்கிறேன். அது வெளிக்காற்றை உள்ளே எடுப்பதில்லை. கடைக்குள் இருக்கும் அதே காற்றைக் குளிர வைத்துத் திரும்பத் திரும்பச் சுற்றி விடுகிறது. ஒருவர் மூச்சில் வந்த நுண்துளிகள் மணிக்கணக்கில் உள்ளேயே மிதக்கும். வேண்டியது குறுக்குக் காற்று. முன் ஷட்டரை முழுதாக ஏற்றி வையுங்கள், பின் சுவரில் உயரத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள். கீழ்த்தளம் 20க்கு 45, உயரம் 10 அடி என்றால் 9,000 கன அடி, அதாவது சுமார் 255 கன மீட்டர். மணிக்கு ஆறு முறையாவது காற்று முழுக்க மாற வேண்டும் என்றால் மணிக்கு 1,530 கன மீட்டர் வெளியேற வேண்டும். ஃபேன் பெட்டியின் மேல் 'ஏர் டெலிவரி' என்று போட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். சுவரில் மாட்டிய பிறகு பெட்டியில் போட்ட அளவு வராது, ஆகவே 12 அங்குல ஃபேன் இரண்டாகவே போட்டுவிடுங்கள். சுழலும் திசை வெளியே தள்ளுவதாக இருக்க வேண்டும். மாற்றி மாட்டி, கடைக்குள் காற்று தள்ளும் ஃபேன்கள் பஜாரில் நிறைய உண்டு. பெடஸ்டல் ஃபேனை ஒருவர் மேலிருந்து இன்னொருவர் மேல் காற்று அடிப்பது போல் வைக்காதீர்கள். முகத்தைத் தெருப்பக்கம் திருப்பி வாசலில் வைக்கலாம் என்றும் தோன்றும். அதுவும் வேண்டாம், முன்வாசல் காற்று உள்ளே வருகிற வழி.

சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். ஃபேனை ஓடவிட்டு, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக் கல்லாவுக்குப் பக்கத்தில், பிறகு சேலைப் பிரிவில், பிறகு மாடிப்படி அடியில் என்று ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிடம் பிடித்து நில்லுங்கள். புகை பின்பக்கம் சாய்ந்து நகர்ந்தால் நல்லது. நேராக மேலே போய் அங்கேயே திரண்டு நிற்கும் இடம் இருந்தால், அந்த மூலையில் ஆளை நிறுத்தாதீர்கள். பெரும்பாலும் அப்படி நிற்பது கல்லா மேஜையாகத்தான் இருக்கும். மூன்று பக்கம் ரேக், மேலே பரண். கல்லாவை வாசல் பக்கம் தள்ளிப் போடுங்கள். மேல்மாடியில் எதிரெதிர் ஜன்னல் இல்லை என்றால் இப்போதைக்கு அதைச் சரக்கு வைக்க மட்டும் பயன்படுத்துங்கள். ட்ரையல் ரூமைப் பூட்டிவிடுங்கள், அளவு சரியில்லை என்றால் ஏழு நாளுக்குள் மாற்றித் தருவதாகப் பில்லில் அச்சடியுங்கள்.

உள்ளே எத்தனை பேர்? "50 சதவீத ஆட்கள் மட்டும்" என்பதைப் பலர் வாடிக்கையாளர் கணக்காக மட்டும் எடுக்கிறார்கள். உங்கள் 900 சதுர அடியில் ரேக், கவுன்ட்டர், பண்டல் போக நடமாட 500 சதுர அடி இருக்கும். ஆளுக்கு 6 அடிக்கு 6 அடி, 36 சதுர அடி என்றால் 14 பேர். இது ஊழியர்களையும் சேர்த்து. 9 பேரையும் ஒரே நேரத்தில் நிறுத்தினால் வாடிக்கையாளருக்கு 5 இடம்தான் மிஞ்சும். ஐந்து ஐந்து பேராக இரண்டு ஷிப்ட் போடுங்கள், ஓர் ஆளுக்கு நீங்களே நில்லுங்கள். அப்போது 9 வாடிக்கையாளரை உள்ளே விடலாம். 9 பிளாஸ்டிக் டோக்கன் செய்து வாசலில் வைத்து, உள்ளே போகிறவரிடம் ஒன்று கொடுங்கள். பில் போட்டதும் திரும்ப வாங்குங்கள். டோக்கன் தீர்ந்தால் அடுத்தவர் வெளியே நிழலில் காத்திருக்கட்டும், பந்தல் போட்டு இரண்டு பெஞ்சும் தண்ணீரும் வையுங்கள். கல்யாண ஜவுளிக்குப் பத்துப் பேர் வருவார்கள். மூன்று பேருக்கு மேல் உள்ளே வேண்டாம், மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புங்கள். வருவதற்கு முன்பே படம் பார்த்துத் தேர்வு செய்துவிட்டால் அரை மணி நேரம் 20 நிமிடமாகும். அதே 9 டோக்கனில் 200 பேருக்குப் பதில் 300 பேருக்கு விற்கலாம்.

சரக்கு இறக்குவதைக் காலை 8 மணிக்குள் முடித்துவிடுங்கள். லாங்கு பஜார் அகலத்துக்கு ஒரு குட்டியானை நின்றால் போதும், ஜனம் ஒருவரை ஒருவர் உரசிக்கொண்டுதான் போக வேண்டும். வியாபார நேரத்தில் வண்டி விடாமல் தெருமுனையிலேயே நிறுத்தச் சங்கம் போலீஸிடம் கேட்கலாம்.

ஊழியர்கள் விஷயத்தை எல்லாவற்றையும்விடக் கவனமாகப் படியுங்கள். கடைகளில் தொற்று பரவுவது பெரும்பாலும் கவுன்ட்டரில் அல்ல. மதியம் பின்னறையில் ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து, மாஸ்க்கைக் கழற்றிவைத்து, டிபன் பாக்ஸைத் திறந்து ஆளுக்கு ஒரு வாய் பகிர்ந்து சாப்பிடும் அந்த இருபது நிமிடத்தில்தான். இரண்டிரண்டு பேராக, மொட்டை மாடியிலோ திறந்த வராந்தாவிலோ, 6 அடி தள்ளி உட்கார்ந்து சாப்பிடட்டும். டீயும் அப்படியே. வியர்வையில் நனைந்த மாஸ்க் வடிகட்டாது, மூச்சு முட்டும், மூக்குக்குக் கீழே இறங்கிவிடும். ஷிப்டுக்கு ஆளுக்கு இரண்டு மாஸ்க் கடைச் செலவில் கொடுங்கள்.

காய்ச்சல் வந்தவர் வீட்டில் இருக்க வேண்டும் என்றால் சம்பளம் பிடிக்கக் கூடாது. தினக்கூலிக்காரர் ஒரு குரோசினைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வருவது ஏமாற்றுவதற்கு அல்ல, வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்பதற்காக. நாளுக்கு 400 ரூபாய் என்றால் 10 நாளுக்கு 4,000 ரூபாய். கடை இரண்டு வாரம் மூடினால் எவ்வளவு போகும் என்று உங்களுக்குத் தெரியும். சங்கத்தில் கடைக்கு இவ்வளவு என்று ஒரு பொது நிதி போட்டால் சிறு கடைக்காரருக்கும் சுமை தெரியாது. தொற்று உறுதியானவர் அறிகுறி தொடங்கி 10 நாள் கழித்து, கடைசி 3 நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் திரும்பலாம். வாசலில் நெற்றியில் காட்டும் தெர்மாமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். காய்ச்சல் வருவதற்கு முந்தைய இரண்டு நாளிலும் தொற்று பரவும், அப்போது கருவி எதையும் காட்டாது. காலையில் ஒவ்வொருவரையும் "உடம்பு வலி, தொண்டை வலி, வாசனை தெரிகிறதா, வீட்டில் யாருக்காவது காய்ச்சலா?" என்று கேட்பது அதைவிடப் பலன் தரும். பயமில்லாமல் பதில் சொல்லும்படி கேளுங்கள்.

18 வயதுக்கு மேற்பட்டோருக்கு ஜூன் 21 முதல் மத்திய அரசின் இலவசத் தடுப்பூசி வருகிறது. வயதானவர், சர்க்கரை, பி.பி. உள்ளவர், கல்லாவில் இருப்பவர், இந்த வரிசையில் முதலில் அனுப்புங்கள். கோவிஷீல்டுக்கு இப்போது 12 முதல் 16 வாரம் இடைவெளி, அதனால் ஆடிக்குள் பெரும்பாலோருக்கு ஓர் ஊசிதான் ஆகியிருக்கும். இப்போது ஓடும் டெல்டா வகை வைரஸுக்கு ஓர் ஊசி தரும் பாதுகாப்பு குறைவு. இரண்டாவது ஊசி போட்டு இரண்டு வாரம் ஆனவரைத்தான் முழுதாகப் போட்டவர் என்று கணக்கில் எடுங்கள்.

தெருவுக்கும் ஆளுக்கும் பிளீச்சிங் தெளிக்கப் பணம் செலவழிக்காதீர்கள். ஆள் மேல் தெளிப்பது கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதல், 2020லேயே மத்திய சுகாதாரத் துறை கூடாது என்று சொல்லிவிட்டது. கவுன்ட்டருக்குச் சோப்புத் தண்ணீர் போதும். கழிப்பறைக்கு வேண்டுமானால் ஒரு லிட்டர் தண்ணீரில் 30 கிராம் பிளீச்சிங் பவுடர், அன்றன்று கரைத்தது. ஆசிட்டோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும். பிரித்துப் பார்த்த சேலையை மூன்று நாள் ஒதுக்கி வைக்க வேண்டியதும் இல்லை.

ஆடித் தள்ளுபடிக்கு ஒரு வேண்டுகோள். "முதல் 100 பேருக்கு", "இன்று ஒரு நாள் மட்டும்" என்ற நோட்டீஸ் இந்த வருஷம் யாரும் அடிக்காமல் சங்கம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆடி 1 முதல் கடைசி நாள் வரை ஒரே தள்ளுபடி என்று எல்லாக் கடைகளும் சேர்ந்து அறிவியுங்கள். காலை 6 முதல் 9 வரை வருபவருக்கு மட்டும் கூடுதலாக 5 சதவீதம் குறைத்துக் கொடுக்கலாம். அந்த நேரத்தில் வெயில் இருக்காது, பஜாரில் கூட்டமும் இருக்காது, வயதானவர்கள் நிதானமாக வந்து வாங்கிப் போவார்கள்.